ஒரு 4 அடி மேசைக்கு எத்தனை கன அடி மரம்? தச்சு பழக விரும்புவோருக்கு ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான்: தச்சு வேலையில் முன்பின் பழக்கம் இல்லை. பிள்ளைகள் படிக்க 4 அடி நீளம், 2 அடி அகலம், 2½ அடி உயரத்தில் ஒரு தேக்கு மேசையைச் சொந்தமாகச் செய்ய ஆசை. எதிலிருந்து பழகத் தொடங்குவது? மரவாடியில் எவ்வளவு மரம் கேட்பது?

இரண்டாவது கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம்: 2 கன அடி. ஆனால் முடிந்த மேசையில் இருக்கப்போவது ஏறக்குறைய 1.2 கன அடி மரம்தான். மீதி மரத்தூளாகவும் சீவலாகவும் துண்டுகளாகவும் போய்விடும். அது எங்கே, ஏன் போகிறது என்று தெரிந்தவருக்குத்தான் மரக் கணக்கு வரும். அது தெரிய வேண்டுமானால் அறுப்பதும் இழைப்பதும் மூட்டுப் போடுவதும் எப்படி என்று தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் வேலை தெரியாமல் போடும் மரக் கணக்கு பெரும்பாலும் தவறிப்போகிறது. பெருக்கலில் பிழை வருவது அரிது. எதைப் பெருக்க வேண்டும் என்பதில்தான் பிழை வரும்.

கன அடிக் கணக்கு எளிது. நீளத்தை அடியிலும் அகலத்தையும் கனத்தையும் (தடிமனையும்) அங்குலத்திலும் வைத்துப் பெருக்கி 144ஆல் வகுக்க வேண்டும். மூன்றும் அங்குலத்தில் இருந்தால் 1728ஆல் வகுக்க வேண்டும். புதியவர்கள் தடுமாறுவது இந்த இரண்டையும் கலந்துவிடும்போதுதான். சட்டங்களை ரன்னிங் அடியில், அதாவது நீளத்தை மட்டும் அளந்து, விலை சொல்லும் கடைகளும் உண்டு. அப்போது ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குறுக்கு வழி: 2×1 அங்குல ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) என்றால் 72 ரன்னிங் அடி ஒரு கன அடி, 3×2 என்றால் 24 ரன்னிங் அடி, 4×3 என்றால் 12. ரன்னிங் அடி விலையை இந்த எண்ணால் பெருக்கினால் கன அடி விலை வந்துவிடும். சிறிய சட்டங்களுக்கு அறுப்புக் கூலியும் சேதமும் சேருவதால் விலை கொஞ்சம் கூடத்தான் செய்யும். அந்த வித்தியாசம் நியாயமானதா என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடும்.

இனி மேசை. கணக்கைப் படத்திலிருந்து தொடங்க வேண்டும். மேல்பலகை 48×24 அங்குலம், முடிந்த கனம் 7 நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு), அதாவது 22 மி.மீ. கால்கள் சுற்றிலும் 2 அங்குலம் உள்ளே தள்ளி நிற்கட்டும். அப்போது கால்களின் வெளி அளவு 44×20. இழைத்து முடித்த கால் 2¼ அங்குலச் சதுரம். நீளவாக்கில் இரண்டு கால்களுக்கு இடையே கிடைப்பது 44லிருந்து 4½ போக 39½ அங்குலம். அந்தக் கால்களை இணைக்கும் நெடுஞ்சட்டத்தை 39½ அங்குலத்துக்கு வெட்டினால் கதை முடிந்தது. சட்டத்தின் இரு முனைகளிலும் காலின் துளைக்குள் நுழையும் கழுந்து 1¼ அங்குலம் வீதம் வேண்டும். ஆக முடிந்த நீளம் 42. முனைகளைச் சதுரமாக வெட்ட ஒரு அங்குலம் சேர்த்து 43 என்று வாங்க வேண்டும். குறுஞ்சட்டமும் அப்படியே: 15½ உடன் கழுந்துக்கு 2½ சேர்த்து 18, வாங்குவது 19.

காலுக்கு முடிந்த நீளம் 29 அங்குலமும் ஒரு நூலும். ஆனால் தலைப்பக்கம் ஒரு அங்குலம் கூடுதலாக விட்டுத்தான் துளை பொளிக்க வேண்டும். துளை காலின் முனைக்கு அருகில் வருவதால், கூடுதல் மரம் இல்லாவிட்டால் உளி இறங்கும் வேகத்தில் முனை பிளந்துகொள்ளும். பசை காய்ந்த பிறகு அதை அறுத்து எறிந்துவிடலாம். எனவே காலுக்கு 31 அங்குலம். மேல்பலகைக்கு 5½ அங்குல அகலத்தில் ஐந்து பலகைகள். ஓரங்களை இழைத்து நேராக்கும்போது ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரை அங்குலம் இழக்கும். ஒட்டிய பின் 25 அங்குலம் கிடைக்கும், அதை 24க்கு வெட்டிக்கொள்ளலாம். கால் வைக்கும் கீழ்ச்சட்டங்கள் மூன்று: பக்கத்துக்கு ஒன்று, பின்னால் ஒரு நீளச் சட்டம்.

இதைக் கடை அளவில் எழுதினால்:

மேல்பலகை: 5½×1, 4¼ அடி, 5 எண்ணம். 0.81 கன அடி.
கால்: 2½×2½, 5¼ அடி, 2 எண்ணம் (ஒன்றில் இரண்டு கால்). 0.46 கன அடி.
மேல் சட்டங்கள்: 4×1, மொத்தம் 10½ அடி. 0.29 கன அடி.
கீழ்ச்சட்டங்கள்: 2½×1, மொத்தம் 7 அடி. 0.12 கன அடி.

கூட்டினால் 1.68. வெடிப்பும் முடிச்சும் வெள்ளை மரமும் (தோலை ஒட்டிய வெளிறிய பகுதி) வந்தால் ஒதுக்குவதற்காக 20 விழுக்காடு சேர்த்தால் 2.02. ஆகவே 2 கன அடி. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. முடிந்த அளவுகளை மட்டும் பெருக்கினால் 1.22தான் வரும். பலர் அந்த எண்ணோடு பத்து விழுக்காடு சேர்த்து 1.35 கன அடி வாங்கிவந்து, நான்காவது காலுக்கு மரம் இல்லாமல் நிற்பார்கள். கழுந்து நீளம், இழைப்புத் தேய்மானம், முனை வெட்டு ஆகியவை சேதக் கணக்கில் வருபவை அல்ல, ஒவ்வொரு துண்டின் அளவிலும் முன்கூட்டியே சேர வேண்டியவை. மரத்தின் குறைக்கு மட்டும்தான் விழுக்காடு.

இன்னொன்று. மொத்த நீளம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. 4×1 சட்டம் 10½ அடி தேவை என்று சொன்னதும் கடைக்காரர் 3½ அடியில் மூன்று துண்டு எடுத்துக் கொடுத்தால், நெடுஞ்சட்டம் 43 அங்குலம், துண்டோ 42. அதற்கு மூன்றும் ஆகாது. எந்த நீளத் துண்டிலிருந்து எதை எதை வெட்டுவது என்று தாளில் எழுதிக்கொண்டு போங்கள். இங்கே 5¼ அடியில் இரண்டு துண்டு கேட்டால் ஒவ்வொன்றிலும் 43ம் 19ம் சேர்ந்து 62 அங்குலம் போக, வாள்வெட்டுக்கு ஓர் அங்குலம் மிஞ்சும்.

வாள்வெட்டு என்பது ரம்பம் தின்னும் அகலம். கண்ணுக்குச் சிறியது, கணக்கில் பெரியது. 4 அங்குலக் கட்டையை நான்கு பலகையாக அறுத்துத் தரச் சொன்னால் மூன்று வெட்டு விழும். வெட்டுக்கு 3 மி.மீ. என்றால் 9 மி.மீ. போய்விட்டது. 101 மி.மீ. கட்டையிலிருந்து கிடைக்கும் ஒவ்வொரு பலகையும் 23 மி.மீ.தான். இரு முகமும் இழைத்தால் 19 அல்லது 20. பில்லில் ஒரு அங்குலம், கையில் முக்கால் அங்குலம். ஏமாற்று என்று சண்டைக்குப் போக வேண்டாம், அறுப்பின் இயல்பு அது. மேலே சொன்ன மேசைக்கு 22 மி.மீ. வேண்டும் என்பதால் "அறுத்த பிறகு முழு அங்குலம் நிற்க வேண்டும்" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அதற்கான கூடுதல் விலையும் தர வேண்டியிருக்கும்.

வீட்டுத் தோட்டத்தில் விழுந்த மரத்தைத் தடியாக அறுவை மில்லுக்குக் கொண்டுபோகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உருண்டைத் தடியைக் கால்சுற்றுக் கணக்கில் அளப்பார்கள்: நடுச்சுற்றளவை அங்குலத்தில் எடுத்து நான்கால் வகுத்து, அதையே அதோடு பெருக்கி, நீள அடியால் பெருக்கி 144ஆல் வகுப்பது. 48 அங்குலச் சுற்று, 10 அடி நீளம் என்றால் 12×12×10÷144, சரியாக 10 கன அடி. உண்மையில் அந்த உருளையின் பருமன் 12.7 கன அடி. இந்தக் கணக்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் முன்கூட்டியே கழித்துவிடுகிறது, தோலும் ஓரச் சிலாம்பும் சேதமாகும் என்பதால். அப்படிக் கழித்த பின்னும் 10 கன அடி பலகை வராது. தடி நேராக இருந்தால் ஆறு ஏழு கன அடி எதிர்பார்க்கலாம். கோணல் தடி என்றால் அதுவும் இல்லை.

மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பலகையின் வெட்டுமுகத்தைப் பாருங்கள். வைரம் (மரத்தின் உட்பகுதி) கருத்தும் வெள்ளை வெளிறியும் தெரியும். தேக்கின் வைரத்தைக் கரையான் எளிதில் தொடாது. ஆனால் தேக்கானாலும் வெள்ளைப் பகுதி உளுத்துப்போகும். தேக்கு என்ற பெயரால் மட்டும் காப்பு வந்துவிடாது. பிறகு பலகையை ஒரு முனையில் பிடித்துக் கண்ணருகே வைத்து நீளவாக்கில் பாருங்கள். நீளத்தில் வில் போல வளைந்தது சிறு துண்டுகளுக்கு ஆகும். அகலத்தில் குழிந்தது, குறுக வெட்டினால் ஆகும். முறுக்கியது எதற்கும் ஆகாது. முறுக்கை இழைத்து எடுக்க முடியும் என்று ஆசாரி சொல்வார், முடியும்தான். அங்குலப் பலகை அரை அங்குலமாக மிஞ்சும்.

ஈரம் அடுத்த விஷயம். பச்சை மரம் காயும்போது அகலத்தில் சுருங்கும், நீளத்தில் கிட்டத்தட்ட சுருங்காது. சுருக்கமும் எல்லாப் பக்கமும் ஒன்றல்ல. வளையங்களின் போக்கில் சுருங்குவது, அவற்றுக்குக் குறுக்கே சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. பலகை குழிவதற்குக் காரணமே இந்த ஏற்றத்தாழ்வுதான். வீட்டுச் சாமானுக்கு மரத்தின் ஈரம் 10 முதல் 12 விழுக்காட்டில் இருந்தால் நல்லது. ஈரமானி இல்லாவிட்டால் சமையலறைத் தராசு போதும். பலகையின் நடுவிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி எடை போடுங்கள். அடுப்பு ஓவனில் 100 டிகிரியை ஒட்டிய சூட்டில் வைத்து, எடை மேலும் குறையாமல் நிற்கும்வரை காயவிட்டு மறுபடி எடை போடுங்கள். 56 கிராம் 50 ஆனால், போன 6 கிராமை 50ஆல் வகுக்க 12 விழுக்காடு. துண்டை முனையிலிருந்து எடுக்கக் கூடாது. முனை எப்போதும் முதலில் காய்ந்திருக்கும், அளவு பொய் சொல்லும். வாங்கிவந்த மரத்தை இடையிடையே ரீப்பர் துண்டு வைத்து அடுக்கி, மேசை இருக்கப்போகும் வீட்டுக்குள்ளேயே மூன்று நான்கு வாரம் விடுங்கள். வாங்கிய அன்றே வெட்டினால் வீட்டுக்குள் வந்த பிறகு மூட்டு திறக்கும்.

பழகுவதற்குத் தேக்கு வேண்டாம். விலை ஒரு காரணம். தேக்கில் உள்ள சிலிக்கா கருவியின் கூரை வேகமாக மழுக்கும் என்பது இன்னொன்று. வேம்பின் ரேகை முன்னும் பின்னும் பின்னிக் கிடப்பதால் இழைக்கும்போது சிராய் பெயர்ந்துகொண்டே இருக்கும், புதியவர் தன்னையே நொந்துகொள்வார். பூவரசு கிடைத்தால் நல்லது. பொருட்களை அடைத்துவரும் பைன் மரத் தட்டுகள் (பேலட்) மலிவு, மென்மை, பழகப் போதும். அவற்றின் மேல் முத்திரை இருக்கும். 'எச்.டி.' என்றிருந்தால் சூட்டால் பதப்படுத்தியது, எடுத்துக்கொள்ளலாம். 'எம்.பி.' என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு புகை போட்டது, விட்டுவிடுங்கள். பழைய வீட்டு மரம் அருமையான மரம், ஆனால் ஒவ்வோர் அடியிலும் ஒரு துருப்பிடித்த ஆணி ஒளிந்திருக்கலாம். காந்தத்தை மேலே ஓட்டிப் பார்க்காமல் இழைப்புளியை வைக்காதீர்கள்.

கருவிகளில் அதிகம் தேவையில்லை. 22 அங்குலக் கைரம்பம் ஒன்று, மூட்டுக்கு முதுகுப் பட்டை வைத்த சிறு ரம்பம் ஒன்று, இழைப்புளி ஒன்று, 6, 8, 25 மி.மீ. உளிகள், கொட்டாப்புளி, மூலைமட்டம், ஓரத்துக்கு இணையாகக் கோடு போடும் மார்க்கிங் கேஜ், கோடு கீறக் கூர்க்கத்தி, சாணைக்கல், ஒட்டும்போது இறுக்கிப் பிடிக்க நான்கு நீளக் கிளாம்ப். மூலைமட்டத்தைக் கடையிலேயே சோதியுங்கள்: நேரான பலகை ஓரத்தில் வைத்து ஒரு கோடு, அதே புள்ளியில் மட்டத்தைப் புரட்டி வைத்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். விலகினால், காணும் விலகல் உண்மைப் பிழையின் இரு மடங்கு.

சிறிய கிரைண்டரில் மரம் அறுக்கும் பல் பிளேடை மாட்டிப் பயன்படுத்துவது நம் ஊரில் சாதாரணமாகிவிட்டது. கூடவே கூடாது. கல்லையும் இரும்பையும் தேய்க்கும் வேகத்தில் சுழலும் கருவி அது. பல் மரத்தில் சிக்கியதும் கருவி கையை உதறிக்கொண்டு உடம்பை நோக்கித் துள்ளும். பாதுகாப்பு மூடியையும் பெரும்பாலும் கழற்றித்தான் வைத்திருப்பார்கள். எந்தச் சுழல் கருவியிலும் கையுறை, தொங்கும் துண்டு, தளர்ந்த லுங்கி வேண்டாம். மரத்தூளுக்கு முகக்கவசம் கட்டாயம். நீண்ட காலம் சுவாசித்தால் மூக்கிலும் சைனஸிலும் புற்றுநோய் வரக் காரணமாகும் பொருள் அது.

கற்கும் வரிசைக்கு வருவோம். பலர் ரம்பத்திலிருந்து தொடங்குவார்கள். தொடங்க வேண்டியது சாணைக்கல்லிலிருந்து. கடையில் வாங்கிய உளி கூராக இருப்பதில்லை. முதலில் தட்டைப் பக்கத்தைக் கல்லில் அழுத்தி, முனையிலிருந்து ஓர் அங்குலம் வரை கண்ணாடியாகும்வரை தேய்க்க வேண்டும். பிறகு சரிவுப் பக்கத்தை 25 டிகிரியில் தேய்த்து, கடைசிக் கூர்முனையை மட்டும் 30 டிகிரியில் எடுக்க வேண்டும். மறுபக்கம் விரலால் தடவினால் மெல்லிய பிசிறு தட்டுப்பட வேண்டும், முழு அகலத்துக்கும். அந்தப் பிசிறு வரும் முன் நிறுத்தினால் கூர் வரவில்லை என்று பொருள். தட்டைப் பக்கத்தை மீண்டும் ஓரிரு முறை இழுத்தால் பிசிறு விழுந்துவிடும். சோதனைக்கு மென்மரத்தின் வெட்டுமுகத்தைச் சீவிப் பாருங்கள். கூர் உளி பளபளப்பான முகத்தை விட்டுச்செல்லும், மழுங்கியது நாரை நசுக்கி வெண்மையாக்கும். புதியவரின் குறைகளில் பாதி கையிலிருந்து வருவதில்லை, மழுங்கிய கூரிலிருந்து வருகிறது. மழுங்கிய உளிக்கு அதிக அழுத்தம் தேவைப்படும், அழுத்தம் கூடினால் வழுக்கும். வழுக்கும் உளிதான் கையைக் கிழிக்கும்.

அறுக்கப் பழக 2×1 ரீப்பர் போதும். பென்சில் கோட்டுக்குப் பதிலாகக் கத்தியால் நான்கு பக்கமும் கீறுங்கள். கீறல் நாரை முன்பே வெட்டிவிடுவதால் ஓரம் சிதறாது. ரம்பத்தைக் கோட்டின் கழிவுப் பக்கம் வையுங்கள், கோட்டின் மேலே அல்ல. கோட்டின் மேலேயே அறுத்தால் துண்டு ரம்பத்தின் பாதிக் கனம் குட்டையாகும். ஒரு துண்டில் தெரியாது, நான்கு கால் மேசையில் ஆட்டமாகத் தெரியும். குறுக்கே அறுக்க 45 டிகிரிச் சாய்வு, நீளவாக்கில் அறுக்க 60. ஆள்காட்டி விரல் ரம்பத்தின் பக்கவாட்டில் நீண்டிருக்கட்டும், தோள், முழங்கை, ரம்பம் மூன்றும் ஒரே தளத்தில் இயங்கட்டும். அறுப்பு எப்போதும் ஒரே பக்கம் ஒதுங்கினால் இரண்டு காரணம் இருக்கலாம்: மணிக்கட்டு திரும்புகிறது, அல்லது ரம்பப் பற்களின் வளைவு ஒரு பக்கம் அதிகம். இடது கையால் சற்று அறுத்துப் பாருங்கள். அப்போதும் ரம்பத்தின் அதே முகத்தின் பக்கமே ஒதுங்கினால் குற்றம் ரம்பத்தில். ஓர் அங்குலத் துண்டுகளாக வெட்டி வெட்டி மூலைமட்டத்தில் வைத்துப் பாருங்கள். வெளிச்சம் புகாத துண்டு தொடர்ந்து பத்து வரும்வரை அடுத்த பாடத்துக்குப் போக வேண்டாம்.

இழைப்பதில் வரிசையை மாற்றக் கூடாது. முதலில் ஒரு முகம், அந்த முகத்துக்கு மூலைமட்டமாக ஓர் ஓரம், அந்த ஓரத்திலிருந்து கேஜால் அகலம், முதல் முகத்திலிருந்து கனம். முதல் முகத்தில் முறுக்கு இருக்கிறதா என்று பார்க்க, இரு முனைகளிலும் இரண்டு நேர்ச் சட்டங்களைக் குறுக்கே வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஒன்றன் மேல் மற்றதைப் பாருங்கள். மேல் விளிம்புகள் இணையாக இருக்க வேண்டும். இணையாக இல்லாவிட்டால் உயர்ந்த இரு எதிர் மூலைகளை மட்டும் இழையுங்கள். சிராய் பெயர்ந்தால் முதலில் பலகையைத் திருப்பிப் போடுங்கள். பக்கவாட்டில் ரேகை எந்தத் திசையில் மேலேறுகிறதோ அந்தத் திசையில்தான் இழைக்க வேண்டும். திருப்பிப் போட்டும் பெயர்ந்தால் பிளேடைச் சாணை பிடித்து, வெட்டும் கனத்தைக் குறையுங்கள். பலகையின் இரு முனைகளும் தேய்ந்து நடு மேடாகிவிடுவது எல்லாருக்கும் வரும் குறை. தொடங்கும்போது முன்கையையும் முடிக்கும்போது பின்கையையும் அழுத்தினால் அது போகும். இழைப்புளியின் அடியில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துக்கொண்டால் பாதி உழைப்பு மிச்சம்.

மூட்டில் துளையை முதலில் பொளித்து, கழுந்தை அதற்கேற்ப வெட்ட வேண்டும். துளையின் அகலத்தை உளியின் அகலமே தீர்மானிக்கட்டும். 22 மி.மீ. சட்டத்துக்கு மூன்றில் ஒரு பங்கு என்ற கணக்கில் 8 மி.மீ. உளி சரி. துளையின் நடுவில் தொடங்கி இரு முனைகளை நோக்கிப் போங்கள், கடைசி 2 மி.மீ.யை இறுதியில் நேராகச் சீவுங்கள். ஆழம் கழுந்தைவிட 2 மி.மீ. கூட இருக்கட்டும், அடியில் பசை தேங்க இடம் வேண்டும். சட்டத்தைக் காலின் வெளிமுகத்திலிருந்து ஒரு நூல் உள்ளே தள்ளி வையுங்கள். அழகுக்காக மட்டும் இல்லை. அப்படி வைத்தால் ஒரே காலில் இரு பக்கமிருந்தும் வரும் கழுந்துகள் உள்ளே முட்டிக்கொள்ளாது. சட்டத்தைக் காலின் நடுவில் வைத்தால் முட்டும், அப்போது முனைகளை 45 டிகிரியில் சீவ வேண்டிவரும். கீழ்ச்சட்டங்களில் பின்னாலுள்ளதைப் பக்கவாட்டுச் சட்டங்களைவிட 3 அங்குலம் மேலே வையுங்கள். ஒரே உயரத்தில் இரண்டு துளை விழுந்தால் அந்த இடத்தில் கால் வலுவிழக்கும்.

கழுந்து துளைக்குள் கையால் அழுத்தினால் நுழைய வேண்டும், தலைகீழாகப் பிடித்தால் விழக் கூடாது. கொட்டாப்புளியால் அடித்து ஏற்ற வேண்டியிருந்தால் கால் பிளக்கும். தளர்வாக இருந்தால் பசை அந்த இடைவெளியை நிரப்பிக் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். வெள்ளைப் பசை மெல்லிய ஒட்டுக்குத்தான் வலிமை, கனமாகத் தேங்கினால் இல்லை. கழுந்தின் பக்கத்தில் மெல்லிய சீவல் ஒன்றை ஒட்டிக் காயவைத்து மறுபடி செதுக்குங்கள். பசை போடும் முன் எல்லாவற்றையும் வெறுமனே ஒருமுறை பூட்டிப் பாருங்கள். பசை போட்டபின் மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவுகளையும் அளந்து, ஒரு நூலுக்கு மேல் வேறுபட்டால் கிளாம்பைச் சற்றுச் சாய்த்து வைத்துச் சரிசெய்யுங்கள். பசை இறுகும்முன் பத்து நிமிடம்தான் உங்களிடம் இருக்கும். கிளாம்ப் போதாதவர்கள் மூங்கில் ஆணி போடலாம். காலில் துளையிட்டு, கழுந்திலுள்ள துளையை மட்டும் சட்டத்தின் பக்கம் 1 மி.மீ. நகர்த்தி இட்டால், ஆணி இறங்க இறங்க மூட்டு தானாக இறுகும்.

தேக்கு கட்டுபடியாகாமல் பிளைவுட்டுக்குப் போகிறவர்களுக்குக் கணக்கு வேறு. அங்கே சதுர அடியைக் கூட்டினால் ஏமாற்றம்தான். 6 அடி உயரம், 2½ அடி அகலம், 1 அடி ஆழப் புத்தக அலமாரி என்று வையுங்கள். பக்கங்கள் இரண்டு, குறுக்குத் தட்டுகள் ஆறு (மேலும் கீழும் சேர்த்து). 18 மி.மீ. பலகையில் மொத்தம் 26 சதுர அடி. 8×4 ஷீட்டில் 32 இருக்கிறது, இன்னும் இரண்டு தட்டு கூட எடுக்கலாம் என்று தோன்றும். வரைந்து பாருங்கள். 48 அங்குல அகலத்தில் 12 அங்குலப் பட்டை நான்கு வராது; மூன்று வெட்டில் 9 மி.மீ. போகும், கடைசிப் பட்டை குறுகிவிடும். ஆழத்தை 11¾ ஆக்க வேண்டும். இரண்டு பட்டையில் பக்கங்கள் போக 24 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான துண்டுகள் இரண்டு மிஞ்சும். தட்டோ 28½ அங்குலம், ஆகாது. மற்ற இரண்டு பட்டையில் மும்மூன்று தட்டு. ஆறோடு தீர்ந்தது, ஏழாவது தட்டுக்கு இன்னொரு ஷீட். அதே அலமாரியின் தட்டு நீளத்தை 23¾ ஆகக் குறைத்தால் பட்டைக்கு நான்கு வீதம் எட்டும், மிஞ்சிய துண்டுகளில் இரண்டும் சேர்த்துப் பத்து தட்டு ஒரே ஷீட்டில் வரும். புத்தகத்தின் எடையில் தட்டு தொய்யாமல் இருக்கவும் குட்டைத் தட்டே நல்லது. பின்பலகைக்கு 6 மி.மீ. ஷீட் தனி. தண்ணீர் படும் இடமானால் ஐ.எஸ். 710 முத்திரை பார்த்து வாங்குங்கள், ஐ.எஸ். 303 பொது உபயோகத்துக்கானது.

மறுபடி மேசைக்கு. கடைசி வேலையான மேல்பலகையைச் சட்டத்தோடு சேர்ப்பதில்தான் நன்றாகச் செய்த மேசையும் கெட்டுப்போகிறது. 24 அங்குல அகலத் தேக்குப் பலகை, மழைக்காலத்துக்கும் கோடைக்கும் இடையே ஈரம் 4 விழுக்காடு மாறினால் 4 முதல் 5 மி.மீ. விரிந்து சுருங்கும். சட்டத்தின் நீளமோ காலின் நீளமோ அப்படி மாறாது. பசை போட்டோ, இறுக்கமான திருகாணியாலோ பிணைத்தால் ஒன்று பலகை நீளவாக்கில் வெடிக்கும், அல்லது சட்டத்தின் மூட்டைப் பெயர்க்கும். எனவே மேல்பலகைக்குப் பசை கிடையாது. குறுஞ்சட்டங்களின் உட்பக்கம் அங்குலக் கட்டைகளைத் திருகி, அவற்றில் மேசையின் முன்–பின் திசையில் நீண்ட துளை இட்டு, வாஷர் வைத்த திருகாணியை அதன் நடுவில் இறக்குங்கள். திருகாணியின் நீளம் கட்டையின் கனத்தோடு பலகைக்குள் அரை அங்குலம் இறங்கும் அளவே இருக்கட்டும், 22 மி.மீ. பலகையில் அதற்கு மேல் போனால் முனை மேலே எட்டிப் பார்க்கும். மெருகு எண்ணெயோ பாலிஷோ எதுவானாலும் பலகையின் மேல்முகத்துக்குப் போடும் அளவே அடிமுகத்துக்கும் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசினால் மறுபக்கம் ஈரத்தை வேறு வேகத்தில் இழுத்து, நேராக இழைத்த பலகையே ஓரிரு மாதத்தில் குழிந்துவிடும்.